ரிசீவரைச் சின்னதாக்கிய வருடங்கள்

சிவகாசியில் விமானம் விடக் கூடாது என்று யாரும் எழுதி ஒட்டி வைக்கவில்லை. ஆனால் விட்டுப் பாருங்கள், தெரியும். ஊரைச் சுற்றி எந்தப் பக்கம் போனாலும் முள்வேலி. வேலிக்குள் தள்ளித் தள்ளிக் கட்டிய சின்னச் சின்ன அறைகள். அறைகளுக்குள் மருந்து. எங்கள் பக்கத்தில் மருந்து என்றால் முதலில் பட்டாசுக்குள் போகிற மருந்துதான். காய்ச்சலுக்குக் குடிப்பது அதற்கப்புறம்.

இது தெரியாமல் நாங்கள் வளரவில்லை. தெரிந்தேதான் நானும் என் தம்பியும் எம். புதுப்பட்டிப் பக்கம் வறண்டு கிடந்த ஒரு கண்மாயில் எங்கள் மாடல் விமானத்தைப் பறக்கவிட்டோம். தம்பி அப்போது இன்ஜினியரிங் கடைசி வருடம். நான் விருதுநகரில் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் முடித்துவிட்டு அப்பாவின் காலண்டர் கம்பெனியில் உட்கார்ந்திருந்தேன். கப்பலில் வேலை பார்த்த ஒருவரிடமிருந்து வாங்கிய பழைய செட் அது. கையில் பிடிக்கிற டிரான்ஸ்மிட்டர், இழுத்தால் நெஞ்சுயரத்துக்கு நீளும் அதன் ஏரியல், விமானத்தின் வயிற்றுக்குள் வைக்க ஒரு ரிசீவர். டிரான்ஸ்மிட்டரில் குச்சியை அசைத்தால், காற்றில் வரும் அந்தச் சேதியை வாங்கி வாலைத் திருப்பச் சொல்வது ரிசீவரின் வேலை. தம்பி விமானத்தைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ஓடிப் பறக்கவிடுவான். நான் நின்ற இடத்தில் நின்று ஓட்டுவேன். அவனுக்கு ஓட்ட வராது, எனக்கு ஓட வராது. அதனால் எங்களுக்குள் சண்டையே கிடையாது.

அன்றைக்கு மேல்காற்று தூக்கிக்கொண்டு போய்விட்டது. ஏரியலை எந்தப் பக்கம் திருப்பியும் விமானம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கண்மாய்க் கரையைத் தாண்டி, வேலியைத் தாண்டி, ஒரு பட்டாசு ஆலைக்குள் போய் இறங்கியது. சத்தம் எதுவும் வரவில்லை. சத்தம் வராததால்தான் இதை உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.

சாயங்காலம் அந்த ஆலையின் போர்மேன் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். அறுந்த இறக்கையோடு விமானத்தை மேசைமேல் வைத்தார். மனிதர் சத்தம் போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. குரலைத் தாழ்த்தித்தான் அப்பாவிடம் பேசினார்.

"அண்ணாச்சி, உங்க பிள்ளைக பண்ணுன காரியத்தப் பாருங்க. இஞ்சின் சுடச்சுட இருந்துச்சு. மருந்து ரூமுக்கு நாலு எட்டு இங்கிட்டு விளுந்து கெடக்கு. உள்ள பொம்பளையாளுக வேலை பாத்துக்கிட்டிருந்தாக அண்ணாச்சி."

அப்பா எழுந்து நின்று அவரைக் கும்பிட்டார். அப்பா யாரையும் கும்பிட்டு நான் அதற்குமுன் பார்த்ததில்லை, கோயில் தவிர. அவர் போனபிறகு எங்களைப் பார்த்துச் சொன்னார்: "இனிமே இந்த வீட்டுல பறக்குறது எதுவும் இருக்கக் கூடாது." காக்காய்க்கும் சேர்த்தா என்று தம்பி என் காதில் கேட்டான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்பா சொன்னது நியாயம், அதை மீறுகிற தைரியமும் எனக்கு இல்லை.

கொஞ்ச மாதத்தில் தம்பிக்கு அமெரிக்காவில் வேலை கிடைத்தது. கிளம்புகிற அன்று சூட்கேஸ் மூடவில்லை. நான் அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொள்ள, அவன் கீழே குனிந்து ஜிப்பை இழுத்துக்கொண்டே சொன்னான்:

"வெளியில விட்டாத்தான வம்பு. வீட்டுக்குள்ளயே பறக்குற மாதிரி ஒண்ணு செய்யிண்ணே. நான் வந்து தூக்கி விடுறேன்."

ஜிப் மூடிவிட்டது. அவன் போய்விட்டான். அந்தப் பேச்சை மட்டும் நான் வைத்துக்கொண்டேன். அடுத்து வந்த வருடங்களில் நான் செய்தது எல்லாமே அதற்காகத்தான். ஒரு நாள் தம்பி வருவான், விமானத்தை அவன் கையில் கொடுப்பேன், அவன் தூக்கி விடுவான், நான் ஓட்டுவேன். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

பறக்க இடமும் இருந்தது. எங்கள் வீட்டுக்குக் கீழேயே காலண்டர் குடோன். ஆடிப் பதினெட்டுக்கு, அடுத்த வருடக் காலண்டர் மாதிரிகளைக் கோத்த புது ஆல்பம் வெளியிட்டால் சீசன் ஆரம்பம். அதிலிருந்து மார்கழிவரை கால் வைக்க இடம் இருக்காது, முருகனும் மகாலட்சுமியும் குழந்தைப் படங்களும் கூரைவரை அடுக்கியிருக்கும். மார்கழியில் கடைசி லோடு ஏறிவிட்டால் அடுத்த ஆடிவரை வெறும் தரையும் நாலு தூணும்தான். தூணுக்கு நடுவே திரும்பிப் பறக்க வேண்டுமென்றால் விமானம் நடக்கிற வேகத்தில் போக வேண்டும். அவ்வளவு மெதுவாகப் போகிறது கீழே விழாமலிருக்க, எடையே இருக்கக் கூடாது. தெர்மோகோலைச் சூடான கம்பியால் அப்பளம்போலச் சீவி இறக்கை செய்துவிடலாம். பழைய செல்போனை நடுங்க வைக்கிற குட்டி மோட்டாரைப் பிடுங்கி முன்னால் வைத்துவிடலாம். ரிசீவரைத்தான் ஒன்றும் செய்ய முடியவில்லை. அது ஒரு தீப்பெட்டியைவிடப் பெரியது. அதைத் தூக்குவதற்கே தனி விமானம் வேண்டும்.

அதனால் ரிசீவரைச் சின்னதாக்க உட்கார்ந்தேன். தராசில் ஒரு பக்கம் ரிசீவரை வைத்து மறுபக்கம் தீக்குச்சியை அள்ளிப் போடுவேன். கிராம் கணக்கு மனதில் நிற்காது, குச்சிக் கணக்கு நிற்கும். இந்த ஊரில் பிறந்தவனுக்கு ஒரு பெட்டிக் குச்சி என்ன எடை என்று கைக்கே தெரியும். ஆரம்பத்தில் அந்த ரிசீவர் ஆறு பெட்டிக் குச்சிக்குச் சமமாக இருந்தது. அரைப் பெட்டிக்குக் கொண்டுவர வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

முதலில் மேல்கூட்டைக் கழற்றி எறிந்தேன். வயர் செருகுகிற பிளக்குகளை வெட்டிவிட்டு, தலைமுடி மாதிரி கம்பியை நேரடியாகவே ஈயம் வைத்துப் பற்றவைத்தேன். பற்றவைப்பது என்ற சொல்லை வெளியே சொல்லிவிடாதீர்கள். "இருங்க, பத்த வச்சுட்டு வாரேன்" என்று ஒருமுறை கம்பெனி வாசலில் நின்றவரிடம் சொல்லிவிட்டேன். மனிதர் இரண்டு எட்டுப் பின்னால் போனார்.

அதற்குமேல் பழைய ரிசீவரில் குறைக்க ஒன்றும் இல்லை. புதிதாகவே ஒன்று செய்ய வேண்டும், ரவை அளவே இருக்கிற உதிரிபாகங்களை வைத்து. அவை கூரியரில் வந்தன. இடுக்கியால் எடுத்து வைக்கும்போது தும்மினால் போயிற்று. மின்விசிறி போட முடியாது. சித்திரை மாதத்து ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், விசிறி இல்லாமல், சாப்பாட்டு மேசையில் குனிந்தபடி நான். அம்மா அடுப்படியிலிருந்து கத்துவாள்: "ஏலே, ஃபேனப் போடு, வெந்து சாகப் போற!" அச்சு இயந்திரம் ஓடாத அந்த ஒரு நாளில் வீடு அப்படி ஒரு அமைதியாக இருக்கும். என் வயதுக்காரர்கள் பெண்டாட்டி பிள்ளைகளோடு மாமியார் வீட்டுக்குப் போயிருப்பார்கள். எனக்கும் பார்த்தார்கள், அமையவில்லை. அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

சர்க்யூட் போர்டுக்கு மட்டும் இந்த ஊர் எனக்குக் கை கொடுத்தது. முடியைவிட மெல்லிய கோடுகளைச் செப்புத் தகட்டில் பதிக்க வேண்டும். மற்ற ஊரில் அதற்கு அலைய வேண்டும். இங்கேயோ காலண்டர் அச்சுக்குப் பிலிம் எடுக்கிறவர்கள் தெருவுக்குத் தெரு. எங்கள் மகாலட்சுமி படத்துக்குப் பிலிம் எடுக்கும்போது, வெட்டிப் போடுகிற ஓரத்தில் என் சர்க்யூட்டைச் சேர்த்து வைத்துவிடுவேன். லட்சுமிக்கு ஒரு பக்கம் யானை, மறுபக்கம் என் ரிசீவர். ஒருமுறை அந்த ஓரத்தை மறைக்க மறந்து, சர்க்யூட்டோடு சேர்த்தே அச்சாகிவிட்டது. "இது என்னய்யா, புதுசா எந்திரமா?" என்று மெஷின்மேன் பயபக்தியோடு கேட்டார். ஆமாம் என்று சொல்லியிருந்தால் அடுத்த வருடம் அதுவும் விற்பனையாகியிருக்கும்.

தம்பி ஒவ்வொரு ஞாயிறு காலையிலும் கூப்பிடுவான். ஹாலில் சுருள் வயரோடு ஒரு டெலிபோன். செல்போன் வந்தபிறகும் அம்மாவுக்கு அதுதான், செல்லைக் காதில் வைத்தால் சுடுகிறதாம். அப்பா முதலில் பேசுவார், பிறகு அம்மா, கடைசியில் நான். இரண்டு பேரும் பக்கத்திலேயே உட்கார்ந்து என் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். விமானம் என்ற பேச்சை எடுக்க முடியுமா? எடுத்தால் போர்மேன் மறுபடியும் வந்து நடு ஹாலில் நிற்பார். அதனால் ரிசீவர் என்று மட்டும் சொல்வேன். அவனுக்குப் புரிந்துவிடும், அவனைவிட யாருக்குப் புரியும்?

"ரிசீவர்ல இன்னும் கொஞ்சம் எடை குறைச்சிட்டேன்டா."

"அப்படியாண்ணே? சூப்பர்ணே."

அவன் பக்கத்தில் கீபோர்டு தட்டுகிற சத்தம் கேட்கும். வேலை இருக்கும், பாவம் என்று வைத்துவிடுவேன். வைத்தபிறகு அந்த 'சூப்பர்ணே'யை நாள் முழுக்க மென்றுகொண்டிருப்பேன்.

அப்படியிருக்கும்போது அப்பா இறந்துபோனார். தம்பி வந்தான், காரியம் முடிந்ததும் விடுப்பு முடிந்து திரும்பிவிட்டான். வந்திருந்த நாட்களில் வீடு முழுக்க ஆட்கள், அவனும் நானும் தனியாக உட்கார்ந்த நேரம் ஒன்றுகூட இல்லை. அவன் போனபிறகு அம்மாவிடம் மெல்ல விமானப் பேச்சை எடுத்துப் பார்த்தேன். "அப்பா வேண்டாம்னு சொன்னது எதுக்குய்யா இப்ப?" என்றாள். நான் விட்டுவிட்டேன். குடோன் சாவி என்னிடம்தான் இருந்தது.

ரிசீவர் ஒரு பெட்டிக் குச்சிக்கு இறங்கியிருந்தபோது நடந்த ஒரு கூத்தைச் சொல்ல வேண்டும். மேசைமேல் வைத்து ஓட்டினால் எல்லாம் வேலை செய்யும். விமானத்துக்குள் வைத்து மூடினால் செத்த பிணம். ரொம்பவும் சின்னதாக்கிவிட்டோம், அதனால்தான் காது கேட்கவில்லை என்று முடிவு கட்டினேன். பிரித்தேன், திரும்பச் செய்தேன், மறுபடி பிரித்தேன். ஒரு சீசனே இதில் போனது. கோபத்தில் ஒருநாள் விமானத்தைக் கையால் நசுக்கினேன். கையெல்லாம் பளபளவென்று வெள்ளி. அப்போதுதான் உறைத்தது. அழகாக இருக்கட்டும் என்று உடம்பு முழுக்க ஜிகினா ஃபாயில் சுற்றியிருந்தேன். பட்டாசுப் பெட்டிக்கும் சாமி படத்துக்கும் ஒட்டுகிறோமே, அதே ஃபாயில். அதைவிட லேசான தாள் ஊரில் கிடையாது என்று எனக்குப் பெருமை வேறு. உலோகப் பூச்சுப் பூசிய தாளுக்குள் ரிசீவரின் ஏரியல் கம்பியை வைத்து நாலு பக்கமும் மூடினால் வெளியிலிருந்து சேதி எப்படி உள்ளே போகும்? எலெக்ட்ரானிக்ஸ் படித்தவன் செய்கிற காரியமா? எதைக் கண்டாலும் ஜிகினா சுற்றுவது சிவகாசிக்காரன் புத்தி. குடோனில் தனியாக நின்று விழுந்து விழுந்து சிரித்தேன். சிரித்து முடித்தபோது குடோன் முன்னைவிடப் பெரிதாகத் தெரிந்தது. இதைச் சொல்லிச் சிரிக்க உலகத்தில் ஒரே ஆள்தான் இருந்தான். அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்க, "இத்தனை நாளா ரிசீவருக்குக் கேக்கவே இல்லடா, இப்பக் கேக்குது" என்று மட்டும் சொன்னேன். சூப்பர்ணே என்றான்.

அதற்கப்புறம் வேலை மளமளவென்று நடந்தது. வாலைத் திருப்புகிற சின்ன மோட்டாரையும் எடுத்துவிட்டு, அதற்குப் பதில் ஒரு கம்பிச் சுருளும் காந்தத் துணுக்கும் வைத்தேன். காதில் மாட்டுகிற புளூடூத் ஹெட்செட்டிலிருந்து பாட்டரி. ரிசீவர் என் சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக, அரைப் பெட்டிக் குச்சிக்கு வந்து நின்றது. லோடு எல்லாம் ஏறி முடிந்த ஒரு மார்கழிக் காலை. டிரான்ஸ்மிட்டரை வலது கையில் பிடித்து, விமானத்தை இடது கையால் காற்றில் வைத்தேன். எறியவில்லை, வைத்தேன். அது போயிற்று. முதல் தூணைச் சுற்றி, இரண்டாவது தூணைச் சுற்றி, விற்காமல் கிடந்த ஆல்பக் கட்டின்மேல் வந்து உட்கார்ந்தது. நான் திரும்பிப் பார்த்தேன். பின்னால் யாரும் இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷத்தில் என்று சொல்லிக்கொண்டால் கௌரவமாக இருக்கும், ஆனால் அது சந்தோஷம் இல்லை. என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே உருப்படியான காரியம், அதைப் பார்க்க நாதி இல்லை என்ற அழுகை.

அந்த வாரம் "ரிசீவர் முடிஞ்சிருச்சுடா" என்றேன். "சூப்பர்ணே. நாங்க பொங்கலுக்கு வாரோம்" என்றான். இரண்டும் ஒரே மூச்சில் வந்ததால், அதற்காகவே வருகிறான் என்று நான் எடுத்துக்கொண்டேன். குடோனை நானே கூட்டினேன். ஒட்டடை அடித்தேன். விமானத்தை அங்கேயே ஒரு மேசையில் வைத்து, தூசி விழாமல் ஒரு மகாலட்சுமி தாளால் மூடினேன்.

தம்பியும் அவன் மனைவியும் வந்து இறங்கிய மறுநாள் காலை, பாட்டரிக்குச் சார்ஜ் ஏற்றிவிட்டு மேலே வந்தேன். காபி குடித்து முடித்ததும் கூட்டிக்கொண்டு போகலாம் என்று இருந்தேன். அவன் ஹாலில் சூட்கேஸைத் திறந்துவைத்து ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தான். அம்மாவுக்கு ரத்த அழுத்தம் பார்க்கிற மெஷின், சால்வை. பிறகு என் பக்கம் திரும்பி ஒரு பெட்டியை நீட்டினான்.

"இதக் கடையில பாத்ததும் உன் ஞாபகந்தாண்ணே. வீட்டுக்குள்ளயே பறக்கும்."

பெட்டிக்கு முன்பக்கம் கண்ணாடித் தாள். உள்ளே ஒரு சாண்கூட இல்லாத குட்டி விமானம். என்னுடையதைவிடச் சின்னது. திருப்பிப் பார்த்தேன். வயிற்றில் ஒரே ஒரு போர்டு. ரிசீவர், வால் திருப்புவது, மோட்டார் கட்டுப்பாடு எல்லாம் அதிலேயே, என் ரிசீவரில் பாதிகூட இல்லை. பொறாமைப்பட்டேன் என்று யாராவது நினைத்தால் தப்பு. செய்தவனைக் கும்பிடத்தான் தோன்றியது. வயிறு எரிந்தது வேறு விஷயத்துக்கு. வீட்டுக்குள்ளயே பறக்கும் என்று சொன்னபோது அவன் முகத்தைப் பார்த்தேன். அதில் கிண்டல் இல்லை, கண்ணடிப்பு இல்லை, ஒன்றுமே இல்லை. அவனுக்கு அது பெட்டிமேல் போட்டிருந்த ஒரு தகவல்.

"எடை எம்புட்டுடா?" என்றேன்.

"தெரியலயேண்ணே. பெட்டில போட்டிருக்கும்."

அவனே அதை ஹாலில் ஓட்டிக் காட்டினான். விமானம் மின்விசிறியைச் சுற்றி வந்து அம்மா தலைக்கு மேல் போனது. அம்மா சால்வையால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள். தம்பியின் மனைவி கை தட்டினாள். இந்த வீட்டில் பறக்குறது எதுவும் இருக்கக் கூடாது என்பது எனக்கு மட்டும் போட்ட உத்தரவு என்று அப்போதுதான் தெரிந்தது. எனக்குக் கோபம் வந்தது. ஆனாலும் இன்னும் ஒன்றும் கெட்டுப் போகவில்லை என்று நினைத்தேன். கீழே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினால் அவனுக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிடும். சொல்வதற்கு வாயைத் திறந்தேன். அதற்குள் அம்மா பேசினாள்.

"அண்ணனும் சும்மா இருக்கலய்யா. நீ அங்கன போனதுல இருந்து ஞாயித்துக்கிளம ஆனாப் போதும், ரிசீவரப் பிரிச்சு வச்சுக்கிட்டு உக்காந்திருவான். ஃபேனக்கூடப் போட விட மாட்டான். நீ பேசுறது கேக்கலன்னு நான் எம்புட்டு நாளாப் புலம்பிக்கிட்டு இருந்தேன்! இப்பப் பாரு, பக்கத்துல இருந்து பேசுற மாரி இருக்கு. கனமுங் கொறஞ்சு போச்சு, முந்தியெல்லாம் கையில பிடிக்க முடியாது."

சொல்லிக்கொண்டே கையை நீட்டி, மேசையிலிருந்த டெலிபோன் ரிசீவரை எடுத்துக் காட்டினாள். அந்தப் போனை டெலிபோன் ஆபீஸிலிருந்து வந்து எப்போதோ மாற்றிவிட்டுப் போயிருந்தார்கள். நான் அதைத் தொட்டதுகூட இல்லை.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தம்பியைப் பார்த்தேன். இப்போது அவனும் வெடித்துச் சிரிக்கப் போகிறான், சிரித்த வாயோடு எங்கண்ணே அது என்று கேட்கப் போகிறான் என்று காத்திருந்தேன்.

அவன் சிரிக்கவில்லை. அம்மா கையிலிருந்த ரிசீவரைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். அவன் கண் கலங்கியிருந்தது.

"நீ வாரா வாரம் ரிசீவர் ரிசீவர்னு சொன்னது இதத்தானாண்ணே? நான் பேசுறது கேக்கணும்னா இம்புட்டு வருசமா செஞ்ச?"

உண்மை வாய்வரை வந்தது. நான் கத்தியிருந்தால் அது நியாயமாகவே இருந்திருக்கும். ஆனால் தம்பி என்னை அப்படிப் பார்த்து வருடக்கணக்கில் ஆகியிருந்தது. நான் வேறு எதையாவது சொன்னால் அந்தப் பார்வை போய்விடும்.

"ஆமாடா" என்றேன். "உனக்காகத்தான்."

"இப்ப நல்லாக் கேக்குதாண்ணே?"

"கேக்குது."

அவன் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டான். இன்னொரு கையில் குடோன் சாவி இருந்தது. அதை நான் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.